பதினொரு நாளாகப் பதில் இல்லை

"என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்றார் அந்தப் பெரியவர்.

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு மக்ரூன் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் டெல்பினின் துப்பறியும் ஆபீஸ். கீழே அடுப்பில் முந்திரியும் முட்டை வெள்ளையும் வேகிற வாசனை மாடி வரை ஏறி வரும். படியேறி வருகிறவர்கள் எப்பேர்ப்பட்ட துக்கத்தோடு வந்தாலும் முதலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டார்கள். இவர் சொல்லவில்லை. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

டெல்பினுக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் சரக்குக் காகிதங்களைச் சரிபார்த்தவள். எந்தக் காகிதம் பொய் சொல்லுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவள் வேலை. இப்போது மனிதர்களைச் சரிபார்க்கிறாள். ஆச்சரியம் என்ற ஒன்று அவளுக்கு ஏற்பட்டு ரொம்ப காலம் ஆகிறது.

"பேரு, ஊரு சொல்லுங்க சார்."

"சுதர்சனம். ஆழ்வார்திருநகரி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மகள் பத்மஜா. வயது முப்பத்தொன்று. டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறாள். கம்பெனிகளுக்கு இணையத்தில் விளம்பரம் எழுதித் தருகிற வேலை. சென்ற செப்டம்பரில் என் மனைவி காலமானாள். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் பத்மஜா வீட்டை விட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள்."

"பத்து மாசம் ஆகுது. இப்ப திடீர்னு உயிரோட இருக்காங்களான்னு சந்தேகம் எப்படி வந்தது?" என்று கேட்டான் கிளைட்டன்.

கிளைட்டன் டெல்பினின் உதவியாள். மணப்பாட்டுக்காரன். முப்பத்து மூன்று வயதாகியும் வாயை அடக்கத் தெரியாதவன். கார் நன்றாக ஓட்டுவான் என்பதால் டெல்பின் அவனைப் பொறுத்துக்கொள்கிறாள்.

"டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறது" என்றார் சுதர்சனம். "முத்துக்குளித்துறை டிஜிட்டல் என்று பெயர். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்வார்கள். பத்மஜா அதில் தினமும் காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை எல்லோருக்கும் பதில் சொல்வாள். ஒரு நாள் தவறியதில்லை. பதினொரு நாட்களாக ஒரு பதிலும் இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அந்த குரூப்புல இருக்கீங்களா?" என்று கேட்டாள் டெல்பின்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார்.

"என் பழைய மாணவன் இருக்கிறான். கிருபை என்று பெயர். உடன்குடியில் கருப்பட்டிக் கடை. அவன் சொன்னான்."

"அவர் நம்பர் குடுங்க. பேசிப் பார்க்கேன்."

"வேண்டாம். அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம்."

"போலீசுக்குப் போனீங்களா?"

"குழுவில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொள்வார்கள், அம்மா?"

சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மகளைப் பற்றிய விவரங்கள் எல்லாம் அச்சடித்த மாதிரி எழுத்தில் இருந்தன. எழுந்து கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"அவர் பேசுதப்ப கமா, முற்றுப்புள்ளி எல்லாம் காதுல விழுது அக்கா" என்றான் கிளைட்டன்.

டெல்பின் சிரிக்கவில்லை. "ஏலே, அந்த குரூப்புல சேரு."

சேர்வதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. லிங்க்கைத் தட்டியதும் கதவு திறந்துகொண்டது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். கிளைட்டன் தன் பெயருக்குப் பின்னால் 'டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்' என்று சேர்த்துக்கொண்டு நானூற்றுப் பதின்மூன்றாவது ஆளாக நுழைந்தான்.

உள்ளே ஓயாத சந்தை. 'ரீல்ஸ் ரீச் திடீர்னு விழுந்துட்டு, யாருக்காவது அப்படி இருக்கா?' 'பிஸ்கட் கம்பெனி விளம்பரம் மூணாவது தடவை ரிஜெக்ட், ஹெல்ப்!' 'புதுசா வேலை தேடுறேன், போர்ட்ஃபோலியோ பாத்துச் சொல்லுங்க.' பழைய செய்திகளில் பத்மஜா என்று போட்டுத் தேடினார்கள். பதில்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

வேலை தேடிய பெண்ணுக்கு அவள் எழுதியிருந்தாள்: 'உங்க போர்ட்ஃபோலியோல பதினாலு லோகோ இருக்கு. அதுல நீங்க எங்கே இருக்கீங்க? ஒரே ஒரு வேலையைப் போடுங்க. அதுல எங்க தப்பு பண்ணீங்க, எப்படிச் சரி பண்ணீங்கன்னு நாலு வரி எழுதுங்க. அதைப் படிச்சிட்டு உங்களைக் கூப்பிடுவாங்க.'

பெரிய கம்பெனி மேனேஜருக்கு எப்படி மெசேஜ் அனுப்புவது என்று கேட்டவனுக்கு: 'எடுத்த எடுப்புல வேலை கேக்காதீங்க. அவர் எழுதினதுல ஒண்ணைப் படிங்க. என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க. மூணு மாசம் ஆகும். பரவாயில்லை.'

"ஒரு ஸ்மைலி கிடையாது, ஒரு கும்பிடு கிடையாது" என்றான் கிளைட்டன். "இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி எழுதுத ஆளுக்கு எப்படிக்கா நானூறு பேர் ரசிகர்?"

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுதால்ல. அதான்" என்றாள் டெல்பின். "கிருபைன்னு போட்டுத் தேடு."

கிருபை எட்டு மாதங்களுக்கு முன் குழுவில் சேர்ந்திருந்தார். கருப்பட்டி விற்பது பற்றி அறுபத்து நாலு கேள்விகள் கேட்டிருந்தார். அறுபத்து நாலுக்கும் பத்மஜாவே பதில் சொல்லியிருந்தாள். டெல்பின் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்தாள். பிறகு சுதர்சனத்தின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"இதைப் பாரு. டிசம்பர்ல எழுதியிருக்காரு. 'கடைக்குப் பின்புறம் இன்று இறக்கிய பதநீரைக் காய்ச்சும்போது படம் எடுத்துப் போடலாமா?'"

கிளைட்டன் நிமிர்ந்தான். "டிசம்பர் அடைமழைல எவன் பதனி இறக்குதான்? உடன்குடில போய்ச் சொன்னா கடையைப் பூட்டி இவரையும் உள்ள வச்சுப் பூட்டிருவானுவ."

டெல்பின் பதினொரு நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைச் செய்திகளுக்குப் போனாள். காலை 9.41. ஸ்டெபி என்ற பெண், 'சூப்பர் கேள்வி அண்ணாச்சி!' என்று யாருக்கோ பாராட்டுச் சொல்லியிருந்தாள். எந்தக் கேள்விக்கு என்று மேலே பார்த்தால், அந்த இடத்தில் 'நீக்கப்பட்ட செய்தி' என்று இருந்தது. அதன் பிறகுதான் பத்மஜாவின் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

"யாரோ கேட்டுட்டு அழிச்சிருக்கான். பாராட்டினவ மட்டும் அந்தரத்துல நிக்கா" என்றான் கிளைட்டன்.

"கேள்வி என்னன்னு அவளுக்குத் தெரியும். கிளம்பு."

ஸ்டெபி ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு விளம்பரம் எழுதுகிறவள். இருபத்தைந்து வயது இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய துறைமுகம் பக்கம் ஒரு டீக்கடைக்கு வந்தாள்.

"பல்லைக் காட்டித்தான் பிழைப்பா?" என்று ஆரம்பித்தான் கிளைட்டன். அவள் சிரிக்கவில்லை. டெல்பின் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கு மேடம். கருப்பட்டிக்கடை அண்ணாச்சிதான் கேட்டாரு. 'கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளரைத் திரும்ப அழைக்க என்ன எழுத வேண்டும்? தவறு முழுவதும் கடைக்காரர் மேல்.' இதேதான். எங்க தொழில்ல அடிக்கடி வர்ற விஷயம். விட்டுட்டுப் போன கஸ்டமரைத் திரும்பக் கொண்டு வர்றதுக்குன்னே தனியா மெயில் எழுதுவோம். ஆனா தப்பு என் மேலன்னு சொல்லிக் கேட்டவரை நான் பார்த்ததே இல்லை. அதான் சூப்பர்னு போட்டேன். ரெண்டே நிமிஷத்துல கேள்வியைக் காணோம்."

"பத்மஜா அதைப் பார்த்திருப்பாங்களா?"

"பார்த்திருக்கணும். அந்நேரம் ஆன்லைன்லதான் இருந்தாங்க." ஸ்டெபி போனைத் திருப்பிக் காட்டினாள். "அன்னைக்கு மத்தியானம் எனக்குத் தனியா இதை அனுப்பினாங்க."

நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபைல்கள். பத்மஜா ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்த விளம்பர மாதிரிகள், வேலைத் திட்டங்கள், தொழில் ஆட்களின் தொடர்பு விவரங்கள். கடைசியில் ஒரு வரி: 'இனி எனக்கு வேண்டாம். நீ பாத்துக்க.'

கிளைட்டனின் முகம் மாறியது. அந்த வரியைத் திரும்பப் படித்தான்.

"உடனே போன் பண்ணினேன். சுவிட்ச் ஆஃப்" என்றாள் ஸ்டெபி. "என் வேலையே அவங்களால கிடைச்சது. என் பயோடேட்டாவை ஏழு தடவை திருத்திக் கொடுத்தாங்க. ஆனா அவங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னு எனக்குத் தெரியலை. குரூப்புல மெதுவா விசாரிச்சுப் பார்த்தேன். நானூறு பேர்ல ஒருத்தருக்கும் தெரியலை."

"அவங்க குரல் ஏதாவது இருக்கா?"

ஒரே ஒரு குரல் பதிவு இருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தையது. ஸ்டெபி அதை ஓடவிட்டாள். மெதுவான, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

'ஸ்டெபி, வலியில்லாமப் பல் பிடுங்குறோம்னு போடாதே. யாரும் நம்பமாட்டாங்க. வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திருவோம்னு போடு.'

"இன்னொரு தடவை" என்றாள் டெல்பின். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அவ பேசுதது வேண்டாம். பின்னால ஒரு ஆள் கத்துதான் பாரு. அதைக் கேளு."

மூன்றாவது தடவை. தூரத்தில், காற்றுக்கு நடுவே ஓர் ஆண் குரல் கேட்டது: 'பாறை! பாறை! கண்ணு முழிச்சுக் கிடக்குத பாறை!'

கிளைட்டன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

"அக்கா! இந்த உலகத்துல மீனைக் கண்ணு முழிச்சுக் கிடக்குன்னு சொல்லி ஏலம் விடுத ஆள் ஒருத்தர்தான். எங்க இனிகோ சித்தப்பா. இது மணப்பாடு!"

காரில் ஏறும்போது மணி ஒன்றரை. திருச்செந்தூர் ரோட்டின் இருபுறமும் உப்பளம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முக்காணிப் பாலம் தாண்டும் வரை கிளைட்டன் பேசவில்லை. அவனுக்கு அது சாதனை.

"அக்கா, அந்த 'இனி எனக்கு வேண்டாம்'..."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"பதினோரு நாள் ஆயிட்டே அக்கா. ஏதாவது பண்ணியிருந்தா?"

"பண்ணியிருந்தா உங்க ஊர்ல மறைக்க முடியுமா? உனக்கு இந்நேரம் ஒம்பது பேர் போன் போட்டிருப்பான்."

அது உண்மைதான். கிளைட்டன் கொஞ்சம் மூச்சு விட்டான்.

"அப்ப அந்தக் கிருபை யாருக்கா? உடன்குடி வழியிலதான். கடைக்குப் போய் ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவமா?"

"அப்படி ஒரு கடை இல்லை. எட்டு மாசமா விளம்பரத்தைப் பத்திக் கேக்கான், ஒரு தடவைகூட கடை போட்டோவோ விலையோ போடலை. அவ சொன்ன ஒரு யோசனையையும் செஞ்சு பாக்கவும் இல்லை. பதனி எந்த மாசம்னு தெரியலை. ஆனா அறுபத்து நாலு கேள்வியிலயும் ஒரு ஒற்றுகூட விட்டுப்போகலை. 'விளம்பரத்தைப் பற்றிக் கேட்கலாமா'ன்னு ப்பன்னா, க்கன்னா எல்லாம் சரியா வருது. முதல் கேள்வி எப்படி ஆரம்பிக்கு தெரியுமா? 'வணக்கம். ஐயம் ஒன்று.'"

டெல்பின் கைப்பையிலிருந்து பெரியவர் தந்த தாளை எடுத்துக் கடைசி வரியைப் படித்தாள். "'ஐயம் இருப்பின் அழைக்கவும்.' சுதர்சனம், ஆழ்வார்திருநகரி."

கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

"அப்பாவா?" என்றான் கிளைட்டன். "பெத்த மககூடப் பேச கருப்பட்டிக்கடை வச்சிருக்காரா?"

"அவ பேச மாட்டேன்னுட்டா. ஆனா முன்பின் தெரியாதவங்க கேட்டா பதில் சொல்லுதா. இவரும் முன்பின் தெரியாதவரா ஆயிட்டாரு."

"அந்தப் பிள்ளைக்கு இது தெரிஞ்சா என்ன ஆகும்?"

டெல்பின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குலசேகரன்பட்டினம் தாண்டியதும் உடைமரக் காட்டுக்கு மேலே மணப்பாட்டுக் கோயிலின் சிலுவை தெரிந்தது.

இனிகோ சித்தப்பா கடற்கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாலு மாசத்துக்கு முந்தி உன் சத்தம் தூத்துக்குடி வரை கேட்டது என்று கிளைட்டன் சொன்னதும் அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பிறகு அவன் பத்மஜாவைப் பற்றி விசாரித்தான்.

"லேப்டாப்புல எழுதுத பிள்ளைதானே? பிளாரன்ஸ் வீட்டு மாடில இருக்கு. ஏலம் போடுத இடத்துக்கு நேர் மேல. இப்ப கொஞ்ச நாளா ஜன்னல் திறக்கக் காணோம்."

பிளாரன்ஸ் அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் கப்பலில். மீன் கழுவிய கையோடு வாசலுக்கு வந்தாள்.

"உயிரோட இருக்காளாவா? இருக்கா. மத்தியானம் சோறு வாங்கிட்டுப் போனாளே" என்றாள். கிளைட்டன் சிலுவை போட்டுக்கொண்டான். "ஆனா பேச்சு இல்லை. பதினோரு நாளா சும்மா உக்காந்திருக்கா. நானும் கேட்டுப் பாத்துட்டேன். அழுதாலாவது ஒரு வழி உண்டு, அதுவும் இல்லை." மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏளா பத்மா, உன்னத் தேடி ஆள் வந்திருக்கு!"

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, மூடிய லேப்டாப். பத்மஜா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள், துவைத்த சுடிதார் போட்டிருந்தாள். அப்பாவைப் போலவே சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

டெல்பின் தன்னைப் பற்றிச் சொன்னாள். "உங்க அப்பா அனுப்பினாரு. நீங்க உயிரோட இருக்கீங்களான்னு மட்டும் தெரியணும்னு கேட்டாரு."

"இருக்கேன்" என்றாள் பத்மஜா.

"ஸ்டெபிக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டு போனை அணைச்சிட்டீங்க. அந்தப் பிள்ளை பயந்துபோயிருக்கு. நாங்களும்தான்."

"செத்துருவேன்னு நினைச்சீங்களா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படி ஒண்ணும் தோணலை மேடம். எதுவுமே தோணலை. அன்னைக்கு ஒரு கேள்வி வந்தது. அதுக்கு எனக்குப் பதில் தெரியலை. மத்தவங்களுக்குப் பதில் சொல்ற தகுதி போயிடுச்சுன்னு தோணிச்சு. அதான் கொடுத்துட்டேன்."

டெல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். இந்த மாதிரி நேரத்தில் உண்மையைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதுதான் அவள் வழக்கம்.

"பத்மஜா, அந்தக் கேள்வி கேட்ட கிருபை யாருன்னு நான் உங்களுக்குச் சொல்லணும்."

"அப்பா" என்றாள் பத்மஜா.

கிளைட்டன் கதவில் சாய்ந்திருந்தவன் நேராக நின்றான்.

டெல்பினுக்கு ஆச்சரியம் வந்தது. அது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"முதல் கேள்வியிலயே. எந்தக் கருப்பட்டிக் கடைக்காரர் ஐயம் ஒன்றுன்னு எழுதுவாரு? எங்க அப்பா எனக்கு அனுப்புற பிறந்தநாள் வாழ்த்துலகூட ஒற்றுப்பிழை பாத்துட்டுத்தான் அனுப்புவாரு."

"அப்புறமும் எட்டு மாசம் பதில் சொன்னீங்களா?" என்று கேட்டான் கிளைட்டன். "டிசம்பர்ல பதனி காய்ச்சினாரே, அதுக்குமா?"

"காய்ச்சுறதைப் படம் எடுக்க வேண்டாம், பழைய படம் இருந்தா போடுங்கன்னு சொன்னேன்" என்றாள் அவள். முகத்தில் சிரிப்பு இல்லை. "அவர் மாட்டிக்கக் கூடாதுன்னுதான்."

பத்மஜா தானாகவே சொன்னாள். யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள். பத்து நாளும் பத்மஜா பக்கத்திலேயே இருந்தாள். பதினோராம் நாள் விடியும்போது அம்மா இறந்துபோனாள். காலை பத்து மணிக்கு உடல் வீட்டுக் கூடத்தில் இருந்தது. சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அதே பத்து மணிக்கு பத்மஜாவின் பெயரில், அவள் சிரிக்கிற போட்டோவோடு ஒரு பதிவு இணையத்தில் வெளியானது. 'இன்று நமக்குக் கொண்டாட்ட நாள்! என் ஐம்பதாவது கிளையண்ட்!' யாரோ ஒரு உறவுக்காரர் அதைப் பார்த்தார். ஒரு போன் கூடத்தைச் சுற்றி வந்து அப்பாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

"அன்னைக்கு அவர் ஒண்ணும் சொல்லலை. பதிமூணாம் நாள், எல்லாரும் சாப்பிட்டு உக்காந்திருக்கும்போது சொன்னாரு. 'தாய் கிடக்கும்போது சிரித்துக்கொண்டு கடை விரித்தவள் இவள்.' அவ்வளவுதான். ஒரு வரி."

"அந்தப் பதிவு..."

"மூணு வாரத்துக்கு முன்னாடி எழுதி நேரம் குறிச்சு வச்சது மேடம். அம்மாவுக்குக் காய்ச்சல்கூட வராதப்போ. அந்தந்த நேரத்துக்கு அதுவா போயிடும். நிறுத்த மறந்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வாய் வரலை. அப்புறம் கோபம் வரும்னு காத்திருந்தேன். வரலை. அழுகை வரும்னு பார்த்தேன், அதுவும் இல்லை. காலையில ஒன்பது மணிக்கு யாராவது ஏதாவது கேப்பாங்க. பதில் சொல்லுவேன். அது ஒரு நாள். மறுபடி ஒன்பது மணி. அது ஒரு நாள்." பத்மஜா லேப்டாப்பைத் திறந்தாள். "போன மாசம் அப்பா இதைக் கேட்டாரு."

டெல்பின் காலையிலேயே படித்த கேள்விதான். படித்துவிட்டுத் தாண்டிப்போயிருந்தாள்.

கிருபை: 'கடைக்காரர் வெளியூர் சென்றால் அன்றைய பதிவை யார் போடுவது?'

பத்மஜா: 'முன்னாடியே எழுதி நேரம் குறிச்சு வச்சிடலாம் அண்ணாச்சி. மூணு வாரம் முன்னாடிகூட முடியும். நீங்க தூங்கினாலும் அது போகும். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தாலும் போகும்.'

வெளியூர் போகிற கடைக்காரருக்கு ஆஸ்பத்திரி எதற்கு? காகிதம் பார்த்தே பிழைத்தவள் அதைத் தவறவிட்டிருக்கிறாள். டெல்பின் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் பத்து நாள் அவர் எதுவும் கேக்கலை" என்றாள் பத்மஜா. "பதினோராம் நாள், தவறு முழுவதும் கடைக்காரர் மேல்னு வந்தது. நான் பதில் எழுத ஆரம்பிக்கிறதுக்குள்ள அழிச்சிட்டாரு. இந்த மாதிரி மெயில் நான் இருநூறு எழுதியிருப்பேன். ஜவுளிக்கடை, ஜிம், ஹோட்டல் எல்லாத்துக்கும். இதுக்கு மட்டும் ஒரு வரி வரலை."

"அப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"அவர் கேட்டதை மட்டும் சொல்லுங்க. உயிரோட இருக்கேன்."

டெல்பின் எழுந்தாள். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. ஆயிரம் அறிவுரை எழுதியவளிடம் அது செல்லுபடியாகாது என்று அவளுக்குத் தெரியும். "போனை மட்டும் ஆன் பண்ணி வைங்க. ஸ்டெபிக்காக" என்றாள்.

கீழே வந்து வாசலில் நின்று சுதர்சனத்தை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"உயிரோட இருக்காங்க சார். நல்லா இருக்காங்க. நேர்ல பார்த்துட்டேன். எந்த ஊருன்னு அவங்க சம்மதிச்சா சொல்லுதேன்."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சாப்பிடுகிறாளா?"

"சாப்பிடுதாங்க."

"சரி. நன்றி அம்மா."

"சார், வைக்காதீங்க. அந்தக் கேள்வியை ஏன் அழிச்சீங்க?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"கடைக்காரன் பெயரில் கேட்டிருக்கக் கூடாது என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது" என்றார். "அவளுக்கு என்னைத் தெரியாது அல்லவா? யாரோ ஒருவனுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?"

"அவங்களுக்கு உங்களைத் தெரியும் சார். எட்டு மாசமாத் தெரியும். தெரிஞ்சுதான் பதில் சொன்னாங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

பிளாரன்ஸ் அம்மாள் இருவருக்கும் டீ கொடுத்தாள். கிளைட்டன் குடிக்காமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மணி நாலே முக்கால். வெயில் இறங்கியிருந்தது. கரையில் இரண்டு வள்ளங்களை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இங்க பாருங்க!"

குழுவில் கிருபை என்ற பெயர் மாறியிருந்தது. கருப்பட்டிப் படம் போய்விட்டது. எட்டு மாதத்துக் கேள்விகள் அறுபத்து நாலும் இப்போது ஒரே பெயரில் இருந்தன: சுதர்சனம்.

அவற்றுக்கெல்லாம் கீழே ஒரு புதுச் செய்தி.

'பத்மஜா, ஒரு பதிவுக்கு முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க முடியும் என்பது அன்று எனக்குத் தெரியாது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் நீ உன் அம்மாவை விட்டு நகராமல் இருந்ததைப் பார்த்தவன் நான். அதையும் சொல்லவில்லை. எல்லோர் முன்னிலையிலும் உன்னைத் தவறாகப் பேசினேன். ஆகவே எல்லோர் முன்னிலையிலும் இதை எழுதுகிறேன். மன்னித்துவிடு. அப்பா.'

நானூற்றுப் பதின்மூன்று பேர் இருந்த அந்தச் சந்தையில் ஒரு சத்தம் இல்லை. ஒருவர்கூட லைக் போடவில்லை. சூப்பர் என்று சொல்லவில்லை. ஆன்லைனில் இருப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

டெல்பின் வாசலிலிருந்து இறங்கி மணலில் நின்று மாடியைப் பார்த்தாள். மூடியிருந்த ஜன்னல் திறந்தது. பத்மஜா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

போன் திரையில் 'பத்மஜா எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. கிளைட்டனின் டீ ஆடை கட்டிவிட்டது. ஐந்தே காலுக்குப் பதில் வந்தது.

'கிருபை அண்ணாச்சி கேட்டு அழிச்ச கேள்விக்குப் பதில்: இப்படித்தான் எழுதணும்.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே வேறு எதுவும் இல்லை.

ஒரு நிமிடத்தில் டெல்பினின் போன் அடித்தது. சுதர்சனம். குரலில் இப்போதும் ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"அம்மா, பதில் வந்துவிட்டது. எனக்கு அது புரியவில்லை. வருவாள் என்று பொருளா, வரமாட்டாள் என்று பொருளா?"

"எனக்கும் தெரியலை சார்" என்றாள் டெல்பின். மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா அது நேரம் குறிச்சு வச்சதில்லை. இப்ப எழுதினாங்க. நான் கீழ நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."